பட்டறையில் ஒரு குடும்பப் படம்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

எங்கள் வீட்டுச் சுவரில் நெடுநாள் ஒரே ஒரு நிழற்படந்தான் தொங்கிக்கொண்டிருந்தது. என் தாய் தந்தையர் திருமணம் முடிந்த மறுவாரம் காந்திபுரத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படம் அது. இருவருக்கும் பின்னால் ஒரு பளிங்குப் படிக்கட்டு மேலேறிச் செல்லும். அதன் முடிவில் பூந்தோட்டம். அதற்கும் அப்பால் ஓர் ஏரி. கணபதியில் அப்படியொரு படிக்கட்டோ ஏரியோ இல்லை என்பதை இவ்வூர் நண்பர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சிறுவயதில் அது எந்த ஊர் என்று அம்மாவைக் கேட்டேன். "அது துணியில எழுதுனது கண்ணு" என்றார்.

என் தந்தையார் லேத் டர்னர். கணபதியில் ஒரு சிறு பட்டறையில் பத்தொன்பது ஆண்டுகள் ஒரே லேத்தில் வேலை பார்த்தவர். பம்பு செட்டுகளுக்கான ஷாப்ட்டும் புஷ்ஷும் கடைந்து கொடுத்த அந்த லேத்தின் கூலியில்தான், எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலில் மிதித்தவன் என்ற பெயர் எனக்குக் கிடைத்தது. ஆனால் அவரும் அந்த லேத்தும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றுகூட எங்களிடம் இருக்கவில்லை. ஏரியும் படிக்கட்டும் இருந்தன, லேத் இல்லை.

விடுமுறை நாட்களில் எங்கள் வீதி ஸ்டூடியோ ஒன்றில் உதவியாளாகப் போய் வருகிறேன். அந்தப் பழக்கத்தில், ஆயுத பூசையன்று பட்டறைகளில் தொழிலாளர் குடும்பங்களைப் படமெடுக்கும் வேலையை இரண்டு ஆண்டுகள் செய்தேன். முதலாண்டு கெடுத்தேன். இரண்டாம் ஆண்டு ஓரளவு தேறினேன். ஏன் கெட்டது, எப்படித் தேறியது என்பதை நம் வகுப்பில் படித்த பாடங்களோடு ஒட்டிச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோவையில் முதல் நூற்பாலை 1888இல் ஸ்டேன்ஸ் துரையின் முயற்சியால் எழுந்தது. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. ஆலை இயந்திரங்களைப் பழுது பார்க்கவும் பாகங்கள் செய்யவும் பட்டறைகள் தோன்றின. பிறகு பம்பு, மோட்டார், மாவரைக்கும் கிரைண்டர் என்று அவை தாமே தனித்தொழில்களாயின. சத்தி சாலையில் டெக்ஸ்டூல் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஒரு லேத்தோ, ஒரு மில்லிங் மிஷினோ, வார்ப்படக் கருமணலோ கண்ணில் படும். இத்தனை தொழில் நடக்கும் ஊரில் தொழிலாளியின் குடும்பப் படத்தில் மட்டும் தொழிலின் அடையாளமே இராது. போனஸ் வந்தால் தீபாவளிக்குப் புதுத்துணி, புதுத்துணியோடு ஸ்டூடியோ, ஸ்டூடியோவில் படிக்கட்டு.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஸ்டூடியோவில் ஒளி கட்டுக்குள் இருந்தது. பக்கத்து நீலகிரியில், 1960இல் நிறுவப்பெற்று 1967இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' பிலிமும் காகிதமும் புழங்கிய காலத்தில், ஒரு சுருளில் சில படங்களே எடுக்க முடியும். ஒன்று கெட்டால் காசு போயிற்று. (அந்த ஆலையும் பின்னர் மூடப்பட்டுவிட்டது.) இருண்ட பட்டறைக்குள் போய் யார் பிலிமை வீணாக்குவார்கள்? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டமொன்றின் துணையோடு தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைத் திரட்டிப் பாதுகாத்திருக்கிறார்கள். அத்தகைய படங்களில் திரைச்சீலையும் நாற்காலியும் பூச்சாடியும் மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். அதில் உட்கார்ந்திருப்பவர் நெசவாளியா, ஆலைத் தொழிலாளியா, மளிகைக்கடைக்காரரா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அவர்களும் அதைத்தான் விரும்பினார்களோ என்னவோ.

பட்டறையில் குடும்பமும் இயந்திரமும் ஒன்றாக நிற்கும் நாள் ஆண்டில் ஒன்றே: ஆயுத பூசை. முதல்நாள் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளி, லேத்துக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, வாழைக்கன்று கட்டி, பொரி கடலையோடு பூசை போடுவார்கள். வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் வருவார்கள். அன்று மெயின் சுவிட்ச் அணைந்திருக்கும். இதைப் படமெடுப்பவர் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். முந்தானையும் தாவணியும் சுற்றும் சக்குக்கு ஆகாதவை.

ஓடும் இயந்திரத்தின் ஆபத்தில் நம் பாடமும் ஒன்று இருக்கிறது. சோக் வைத்த பழைய குழல்விளக்கு, மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று என்பதால், வினாடிக்கு 100 முறை மின்னி மங்குகிறது. சாதாரண நாலு துருவ மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1440 சுற்று, அதாவது வினாடிக்கு 24 சுற்று சுற்றும். ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் இடையில் அது 0.24 சுற்று நகர்கிறது. கால் சுற்றுக்குச் சற்றே குறைவு! எனவே அந்த மோட்டாரின் கப்பிக்கு நாலு ஆரங்கள் இருந்தால், அது வினாடிக்கு ஒரு சுற்று வீதம் நிதானமாகப் பின்னோக்கிச் சுழல்வதுபோல் கண்ணுக்குத் தோன்றும். சரியாக 1500 சுற்றானால் நின்றேவிட்டதுபோல் தெரியும். பட்டறைகளில் விளக்குகளை மூன்று பேஸிலும் பிரித்துப் போடுவதன் காரணம் இதுவே. கண்ணை ஏமாற்றும் இந்த மின்னல் காமிராவையும் ஏமாற்றும். வினாடியில் 250இல் ஒரு பங்கு நேரம் திறந்தால், ஒரு துடிப்பின் ஒரு துண்டு மட்டுமே உள்ளே வரும். ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும், சில படங்கள் பட்டை பட்டையாகவும் விழும். 50இல் ஒரு பங்கு நேரம் திறந்தால் முழுதாக இரண்டு துடிப்புகள் வந்துவிடும். படம் சீராக இருக்கும். ஆனால் அவ்வளவு நேரம் கையில் பிடித்தால் நடுங்கும். ஆகவே முக்காலி வேண்டும்.

முதலாண்டு என்னிடம் முக்காலி இல்லை. கடன் வாங்கிய காமிராவும், அதன் தலைமேல் பிளாஷும், கொஞ்சம் கர்வமும் இருந்தன.

அன்று எடுத்தவை எப்படிக் கெட்டன என்று சொல்கிறேன். வீட்டார் ஐவர்: அப்பத்தா, அப்பா, அம்மா, தங்கை, படமெடுத்துவிட்டு ஓடிவந்து நிற்க வேண்டிய நான். இடம் போதாததால் அகலக்கோண லென்ஸைப் போட்டு இரண்டு மீட்டர் தூரத்தில் வைத்தேன். பிளாஷின் ஒளி தூரத்தின் இருபடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பது பள்ளியிலேயே படித்தது. இரண்டு மீட்டரில் நின்ற எங்கள்மேல் விழுந்த ஒளியில் நாலில் ஒரு பங்கே நாலு மீட்டரிலிருந்த லேத்துக்குக் கிடைத்தது. ஆறு மீட்டரிலிருந்த சுவருக்கு ஒன்பதில் ஒரு பங்கு. விளைவு, பேய் பார்த்தவர்கள்போல வெளுத்த ஐந்து முகங்கள். பின்னால் ஓர் இருட்டுக் குகை. லேத் எங்கே என்று தேடவேண்டும். தேர்வில் அந்த விதிக்கு ஐந்து மதிப்பெண் வாங்கியவன் நான்.

இன்னொன்று. காமிரா தான் காண்பதை எல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டு, அதாவது வரும் ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் பரப்பு என்று கொண்டு, கணக்கிடுகிறது. கரி படிந்த பட்டறையைக் கண்டால் "இருட்டாக இருக்கிறதே" என்று ஒளியைக் கூட்டிவிடும். அப்பாவின் வெள்ளைச் சட்டையில் மடிப்பும் பொத்தானும் மறைந்து வெறும் வெள்ளைக் காகிதம் ஆனது இதனால்தான்.

மூன்றாவது தவறு என் மனத்தில் நிற்பது. அப்பத்தாவை ஓரத்தில் நிறுத்தினேன். அகலக்கோண லென்ஸில், நடுவிலிருந்து விலகும் கோணம் மிகமிக உருவம் பக்கவாட்டில் இழுபடும். ஓரத்தில் வைத்த பந்து முட்டையாகும். அப்பத்தா ஒல்லியானவர். படத்தில் அவர் முகம் அகன்று, ஒரு பக்கமாகச் சரிந்து, யாரோ போலிருந்தார். "இது நானா சாமி?" என்று கேட்டுச் சிரித்தார். அடுத்த வருஷம் நன்றாக எடுத்துவிடலாம் என்று சொன்னேன். தை மாதம் அவர் காலமானார்.

இந்தத் தவறுகளெல்லாம் கணக்கில் அடங்கியவை, திருத்தலாம். கணக்கில் அடங்காத ஒன்றையும் அன்றே செய்திருந்தேன். அப்பாவை எண்ணெய்க் கறை படிந்த வேலைச் சட்டையில் நிற்கச் சொன்னேன். தங்கையை லேத்தின் பெட்மேல் ஏறி உட்காரச் சொன்னேன். வெளிநாட்டுப் புகைப்படங்களில் அவ்வாறு பார்த்த ஞாபகம். அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. "அது இன்னிக்குச் சாமி கண்ணு. அதுமேல உக்காரக் கூடாது" என்றார். சட்டையைப் பற்றி அவர் சொன்னதுதான் என்னை வாயடைக்க வைத்தது: "எண்ணெச் சட்டையோட எடுக்கோணும்னா தெனமும் எடுக்கலாமே. இன்னிக்கு எதுக்கு?"

இக்கேள்விக்கு விடை தேடியபோதுதான் மில்டன் ரோகோவின் என்பவரைப் பற்றிப் படித்தேன். 1909இல் பிறந்து 2011 வரை வாழ்ந்த அமெரிக்கர். பஃபலோ நகரில் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுப்பது அவர் தொழில். 1957இல் அரசியல் விசாரணைக்கு அழைக்கப்பட்டு, அதனால் தொழில் நசித்து, அதன்பின் முழுமனத்தோடு காமிராவைக் கையிலெடுத்தார். பஃபலோவும் நம் கோவை போல உருக்காலையும் வார்ப்படசாலையும் நிறைந்த ஊர். 1970களின் பிற்பகுதியிலும் 80களிலும் அங்கிருந்த தொழிலாளரை அவர் முதலில் வேலையிடத்தில் எடுத்தார். பிறகு அவர்கள் வீட்டுக்கே போய், குடும்பத்தோடு எடுத்தார். ஆலையில் முகமூடியும் தோல் அங்கியுமாக நிற்கும் ஒருவர், அடுத்த படத்தில் தம் கூடத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பார். எப்படி நிற்பது, எதை உடுத்துவது என்று அவர் சொல்வதில்லையாம், அவர்களே தீர்மானித்தார்கள். அவருக்கு முன்பே ஜெர்மனியில் ஆகஸ்ட் சாண்டர், தொழிலாளரையும் கைவினைஞரையும் அவரவர் கருவியோடு நேராகக் காமிராவைப் பார்க்கவைத்து எடுத்து, 1929இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். பாத்திரமும் கரண்டியுமாகச் சமையற்கூடத்தில் நிற்கும் ரொட்டிக்காரர் ஒருவர் அதில் ஒரு சிற்றரசரைப்போல் நிற்கிறார். இவர்கள் இருவரில் ரோகோவினே எனக்கு நெருக்கமாகத் தோன்றினார். எண்ணெய்ச் சட்டையா, வெள்ளைச் சட்டையா என்ற என் சண்டைக்கு, இரண்டும்தான் என்று விடை சொன்னவர் அவர். (கோவை மாணவன் எழுதும் கட்டுரையில் ஜி. டி. நாயுடுவின் பெயர் வராவிட்டால் குற்றம் என்பர். அவரும் காமிராப் பிரியர்தான், இவ்வளவோடு விடுகிறேன்.)

இரண்டாம் ஆண்டு ஆயுத பூசைக்கு முன்னதாகவே ஒரு செய்தி வந்தது. பட்டறைக்குப் புதிதாகச் சி.என்.சி. மிஷின் வருகிறது; இடம் வேண்டும்; அப்பாவின் லேத்தைக் கார்த்திகையில் பழைய இரும்புக்குப் போடுகிறார்கள். அப்பாவுக்கு வேலை போகவில்லை. டிரில்லிங் மிஷினுக்கு மாற்றினார்கள். வீட்டில் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. "இந்தத் தடவை ஒழுங்கா எடுத்துப்போடு" என்று மட்டும் சொன்னார்.

லேத்தை நகர்த்த முடியாது. ஆகவே ஒளியைத்தான் நகர்த்தவேண்டும். பட்டறையின் தகரக் கூரையில், லேத்துக்கு நேர்மேலே ஒளி புகும் ஷீட் ஒன்று இருந்தது. பல ஆண்டுக் கரி படிந்து அது தகரத்தோடு தகரமாகிவிட்டிருந்தது. முதல்நாள் துப்புரவின்போது, கூரை வேலை தெரிந்த ஒருவர் ஏணியில் நின்று, ஷீட்டின்மேல் காலை வைக்காமல் அதைக் கழுவிக் கொடுத்தார். கழுவுமுன் வினாடியில் 15இல் ஒரு பங்கு கேட்ட காமிரா, கழுவியபின் 50இல் ஒரு பங்கு போதும் என்றது. மும்மடங்குக்கு மேல் வெளிச்சம், ஒரு வாளித் தண்ணீரில்!

ஆனால் மேலிருந்து மட்டும் ஒளி விழுந்தால் கண்குழிகள் இருண்டுபோகும். எனவே அப்பாவின் எட்டு முழ வெள்ளை வேட்டி ஒன்றை, வாசலில் வெயில் விழும் இடத்தில், பட்டறைக்குள் முகம் காட்டும்படி சாய்த்துக் கட்டினேன். வெயில் வேட்டியில் பட்டு உள்ளே திரும்பி முகங்களில் மெதுவாகப் படிந்தது. பெரிய பரப்பிலிருந்து வரும் ஒளி பிளாஷைப்போலச் சட்டென்று குறைவதில்லை. முன்னால் நிற்பவருக்கும் பின்னாலுள்ள லேத்துக்கும் வேற்றுமை குறைகிறது. குழல்விளக்குகளை அணைத்துவிட்டேன், பகலொளியோடு அவை கலந்தால் ஒரு கன்னம் பச்சையாக விழும். பிளாஷ் பெட்டியிலேயே இருந்தது. இம்முறை முக்காலியும் இருந்தது. முப்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ் போட்டு, நாலரை மீட்டர் பின்னால், ஏறக்குறைய வீதி ஓரத்தில் நின்றேன். எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 400. அளவைச் சட்டையிலும் சுவரிலும் எடுக்காமல் முகத்தருகே போய் எடுத்தேன். பூசைக்கு முன்பே எடுத்துவிட்டேன். சாம்பிராணிப் புகை எழுந்தால் லென்ஸுக்கு முன்னால் மூடுபனிதான்.

யார் எங்கே நிற்பது என்று இம்முறை நான் வாய் திறக்கவில்லை. ஒரு பட்டறைப் படத்தில் நடுவிடம் யாருக்கு என்பது சிறு விஷயமன்று. முதலாளி குடும்பம் நடுவில், மற்றவர் இருபுறமும் என்பதே வழக்கமான குழுப்படம். அதை முதலில் எடுத்துக்கொடுத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு குடும்பமாக அவரவர் மிஷினருகே எடுப்பதே நல்லது என்பது என் அனுபவம். எங்கள் பட்டறை முதலாளியும் அதற்கு இசைந்தார். எங்கள் முறை வந்தபோது தாமே விலகி வீதிக்கு வந்து, போகிற வண்டிகளை ஒதுக்கிவிட்டார்.

அப்பா வெள்ளைச் சட்டையில், லேத்தின் தலைப்பக்கம், தினமும் நிற்கும் அதே இடத்தில் நின்றார். தங்கை அவருக்கு முன்னால். அம்மா மட்டும் வாசலிலேயே தயங்கி நின்றார். முதலாண்டுக் கூட்டத்திலும் இருட்டிலும் அவர் எதையும் கவனித்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மெதுவாக உள்ளே வந்து, லேத்தை இக்கோடியிலிருந்து அக்கோடிவரை பார்த்தார்.

"ஏனுங்க, இதுதானுங்களா அது?"

"ஆமா."

"இத்தன வருசமா இதோட எண்ணெயத்தானுங்களா நான் தொவைச்சேன்?"

அப்பா சிரித்துவிட்டார். அம்மா கையை நீட்டி, தொடலாமா என்பதுபோல் அவரைப் பார்த்துவிட்டு, கைச்சக்கரத்தின்மேல் விரல்களை வைத்தார். தேய்ந்து தேய்ந்து வெள்ளிபோல் பளபளக்கும் சக்கரம் அது. நான் டைமரை அமுக்கிவிட்டு ஓடிப்போய்த் தங்கைக்குப் பக்கத்தில் நின்றேன். அப்பாவின் மறுபுறத்தில் ஓர் ஆள் நிற்குமளவு இடம் விட்டிருந்தது. அதை யாரும் நிரப்பச் சொல்லவில்லை.

அடுத்த வாரம், வேலைநாளன்று, எண்ணெய்ச் சட்டையில் அப்பாவைத் தனியாகவும் எடுத்தேன். அதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை. ஒரு ஷாப்ட் ஓடிக்கொண்டிருந்தது. அவர் காமிராவைப் பார்க்கவே இல்லை.

கார்த்திகை முதல் வாரத்தில் லேத் லாரியேறியது. அது நின்ற இடத்தில் நாலு போல்ட்டுகளும், அப்பாவின் கால் பட்டுத் தேய்ந்த தரையும் கொஞ்ச நாள் தெரிந்தன; பிறகு புது மிஷினுக்காகத் தளம் போட்டுவிட்டார்கள்.

குடும்பப் படத்தில் இரண்டு பிரதிகள் போட்டேன். ஒன்று பட்டறை ஆபீசில் இருக்கிறது. மற்றொன்றை அப்பா வீட்டுச் சுவரில், திருமணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். மாட்டிய கையோடு, நான் கிழித்தெறியச் சொன்ன முதலாண்டுப் படத்தையும் கண்ணாடி போட்டு எடுத்துவந்து அதற்கு மேலே மாட்டிவிட்டார். அப்பத்தாவின் முகம் அகன்று சரிந்துதான் இருக்கிறது. அப்பாவுக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

வரும் ஆயுத பூசைக்கு எங்கள் சந்தில் ஏழு குடும்பங்கள் சொல்லிவைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று வார்ப்படசாலைக் குடும்பம். அங்கே கூரையில் ஒளி ஷீட்டே கிடையாது, ஒரு வாசல்தான். ஸ்டூடியோ முக்காலி அன்று வேறு வேலைக்குப் போகிறது. நம் துறை ஆய்வகத்தில் தொலைநோக்கி வைக்கும் முக்காலி ஒன்று சும்மா இருக்கிறது. பேராசிரியர் ஐயா இதைப் படிப்பாரானால், ஒரு நாளைக்கு மட்டும் தந்துதவ வேண்டுகிறேன். துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டே திருப்பித் தருவேன்.